ஆயில் தட்டின் உள்பக்கம்

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எத்தனை நாள் உழைக்கும் என்று என்னிடம் கேட்காத ஆள் கிடையாது. ஒருமுறை பல் டாக்டர் என் வாய்க்குள் கையை விட்டுக்கொண்டே கேட்டார். இருபத்திரண்டு வருஷமாகக் கியர்பாக்ஸ் மட்டும்தான் பிரித்து மாட்டுகிறேன், அதனால் எல்லோருக்கும் என்னிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. என்னிடமும் ஒரே ஒரு பதில் இருக்கிறது: "ஓட்டுறவங்க கையிலதான் இருக்கு." கேட்டவருக்குத் திருப்தி, எனக்குப் பொறுப்பில்லை.

உண்மையைச் சொன்னால் பழைய டீசல் வண்டியை ஒருத்தரும் வாங்கமாட்டார்கள். டீசல் எஞ்சின் லேசில் சாகாது. நாலு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் முக்கி முனகி ஓடிக்கொண்டிருக்கும். அது இழுக்கிற முரட்டு இழுவையை எல்லாம் தாங்குவது பின்னால் இருக்கும் கியர்பாக்ஸ். எஞ்சினுக்கு வயசாகும்போது இதற்கு மூச்சே நின்றுபோயிருக்கும். கம்பெனிக்காரன் புத்தகத்தில் 'ஆயுளுக்கும் ஆயில் மாற்ற வேண்டாம்' என்று அச்சடித்துக் கொடுக்கிறான். யாருடைய ஆயுளுக்கு என்று மட்டும் அச்சடிக்கமாட்டான்.

என் தங்கச்சியும் அதே கேள்வியைத்தான் கேட்டாள். அவளுக்கு இடது முழங்கால் மடங்காது. பத்து வருஷம் முன்னால் பஸ்ஸிலிருந்து விழுந்ததில் அப்படியாகிவிட்டது. கிளட்ச் மிதிக்க முடியாது, ஆகவே ஆட்டோமேட்டிக் தவிர வேறு வண்டி அவளுக்கு உதவாது. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் கவுன்டரில் உட்கார்ந்து சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வருகிற வேலைக்கு ஆள் தேடினார்கள். சொந்த வண்டி இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. அவள் அதற்குப் படித்தவள்தான், ஊசி குத்தி ரத்தம் எடுப்பதில் அவளை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. எறும்பு கடித்த மாதிரிகூட இருக்காது.

அதுவரை அவள் எங்கே போனாலும் மாப்பிள்ளையின் பைக்கில்தான். அந்தக் காலை நீட்டிக்கொண்டு, பக்கவாட்டில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு போவாள். மாப்பிள்ளை கெட்டவர் இல்லை. ஆனால் கொண்டுபோய் விடும் ஒவ்வொரு தடவையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடமாட்டார். "நான் இல்லன்னா நீ வாசல்படியக்கூட தாண்டமாட்ட" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அவளும் சிரிப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அண்ணா, புரோக்கர் ஒரு வண்டி காட்டினாரு. டீசல், சாம்பல் கலர். நீ ஒரு தடவ பாத்து சொல்லிடு, நான் கண்ண மூடிட்டு வாங்கிடறேன்" என்றாள். சேர்த்து வைத்ததை எல்லாம் துடைத்து எடுத்திருந்தாள்.

அந்தப் புரோக்கர் எனக்கு வேண்டியவன். என் ஷெட்டுக்கு வரும் வண்டிகளில் பாதி அவன் அனுப்புவது. கியர்பாக்ஸ் டாக்டர் என்றுதான் என்னைக் கூப்பிடுவான். "டாக்டரே, உங்க தங்கச்சிக்கு நான் சொத்தைய குடுப்பனா?" என்று தோளில் கை போட்டான். மீட்டர் ஒரு லட்சத்து நாற்பத்து மூன்றாயிரம் காட்டியது. இரண்டு சுற்று ஓட்டினேன். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. பிரேக் பெடலின் ரப்பர் புத்தம் புதுசு, ஸ்டீயரிங் உறை புதுசு, டிரைவர் சீட்டின் துணியும் புதுசு. தேய்கிற இடத்தில் மட்டும் எல்லாம் புதுசாக இருந்தால் மீட்டரைக் குறைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம், அது எனக்குத் தெரியாதா? பார்த்தேன். பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். வண்டிக்குக் கீழே படுத்து, கியர்பாக்ஸின் அடியில் இருக்கும் ஆயில் தட்டைக் கழற்றிப் பார்த்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். காதாலேயே கண்டுபிடிப்பவன் என்ற திமிர் எனக்கு.

"தாராளமா வாங்கு" என்றேன்.

"எத்தன நாள் ஓடும் அண்ணா?"

"ஓட்டுறவங்க கையிலதான் இருக்கு."

அவள் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். முட்டையை மடியில் வைத்திருப்பவள் போல ஓட்டினாள். பள்ளம் வந்தால் வண்டிக்கு வலிக்கும் என்று உதட்டைக் கடிப்பாள். வேலையும் கிடைத்தது. காலை ஆறு மணிக்கு ஐஸ் பெட்டியைப் பக்கத்து சீட்டில் வைத்து, பெல்ட் போட்டுக் கட்டி, தனியாகக் கிளம்பிப் போவாள். முதல் வாரம் தினமும் எனக்குப் போன். "அண்ணா, இன்னிக்கு பதினோரு வீடு. யாரையும் ஒரு நிமிஷம்கூட காக்க வைக்கல." மாப்பிள்ளை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாராம். ஒன்றும் சொல்வதில்லையாம்.

ஒரு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயில் மாற்ற வண்டியைக் கொண்டுவந்து விட்டுப் போனாள்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கியர்பாக்ஸின் அடித்தட்டைக் கழற்றினாலும், மூடுவதற்கு முன்னால் அதன் உள்பக்கத்தில் கூரான கம்பியால் தேதியையும் மீட்டர் எண்ணையும் கீறிவிடுவேன். வெளியே எழுதினால் சேறும் துருவும் தின்றுவிடும், ஸ்டிக்கர் ஒட்டினால் உரிந்துவிடும். உள்ளே ஆயிலில் ஊறிக் கிடக்கும் எழுத்து அழியாது. அடுத்து திறப்பவனுக்கு ஒரு துப்பு. ஊரில் வேறு யாரும் இப்படிச் செய்வதில்லை.

தட்டைக் கழற்றினேன். ஆயில் தார் மாதிரி வந்தது. கருகல் நாற்றம். தட்டைத் துணியால் துடைத்தேன். உள்ளே என் கையெழுத்து.

ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி. அதன் பக்கத்தில் 2,87,400.

அப்போது அது வெள்ளை வண்டி. ஏதோ டிராவல்ஸ் கம்பெனிக்கு ஓடியது. பெயின்ட் மாறியது, நம்பர் மாறியது, என் எழுத்து மட்டும் மாறவில்லை. ஆறு வருஷத்தில் இன்னும் எத்தனை ஓடியதோ, நாலு லட்சத்துக்குக் குறையாது.

புரோக்கருக்குப் போன் போட்டேன். வாய்க்கு வந்தபடி திட்டினேன். முழுவதும் கேட்டுவிட்டு நிதானமாகச் சொன்னான்: "வண்டி ஓடுதா இல்லையா? நீங்கதான டாக்டரே பாத்து சரின்னு சொன்னீங்க? நான் கட்டாயப்படுத்தினனா? தங்கச்சிகிட்ட சொல்லுங்க, தாராளமா சொல்லுங்க. எப்படி பாத்தீங்கன்னு கேட்டா அதையும் சொல்லுங்க."

போனை வைத்துவிட்டேன்.

எங்கள் தொழிலில் ஒரு பயம் உண்டு. இத்தனை ஓடிய கியர்பாக்ஸில் புது ஆயில் ஊற்றினால் அன்றைக்கே வழுக்க ஆரம்பித்துவிடும் என்பார்கள். தேய்ந்த தகடுகளுக்குப் பழைய ஆயிலில் கலந்திருக்கும் தூள்தான் கொஞ்சம் பிடிப்பு. சரியோ தப்போ, நான் அதை நம்புகிறவன். ஆகவே வடித்த ஆயிலைத் துணியில் வடிகட்டி அதையே திரும்ப ஊற்றத் தீர்மானித்தேன். ஒரு வருஷம் ஓடினால் போதும், அதற்குள் ஏதாவது வழி பண்ணிவிடலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். மனசு எங்கெங்கோ ஓடிக்கொண்டிருந்தது. கை அதுபாட்டுக்குத் தன் வேலையைச் செய்து முடித்து, தட்டை மூடி, போல்ட்டுகளை முறுக்கியது.

சாயங்காலம் வந்தாள். "மாத்திட்டியா அண்ணா?"

"மாத்திட்டேன்."

"இப்பவே லேசா போற மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே ஓட்டிப் போனாள்.

மூன்றாவது மாதம் ஒரு காலையில் மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டி நின்றது. எஞ்சின் உறுமியது, சக்கரம் நகரவில்லை. பின்னால் நூறு வண்டிகள் ஹாரன் அடித்தன. ஐஸ் பெட்டியில் பதினான்கு பேருடைய ரத்தம். அதைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் பாலத்திலிருந்து இறங்கி, ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது நேரம் தாண்டிவிட்டது. பதினான்கு பேரையும் மறுநாள் மறுபடி வெறும் வயிற்றோடு காத்திருக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அன்று மதியமே அவளை மறுபடி கவுன்டருக்கு மாற்றிவிட்டார்கள்.

எனக்குப் போன் செய்தாள். நடந்ததை இரண்டே வரியில் சொன்னாள், வண்டிக்காகவோ வேலைக்காகவோ புலம்பவில்லை.

"நான் என்ன தப்பா ஓட்டினேன் அண்ணா?"

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. நான் சொன்னது வேறு.

"ஏத்தத்துல ஆக்ஸிலேட்டர ரொம்ப மிதிச்சிருப்ப."

"அப்படியா" என்றாள். "லாரி ஒன்னு ஒதுங்கவே இல்ல, அதான் கொஞ்சம் மிதிச்சேன். மன்னிச்சுக்கோ அண்ணா, நீ பாத்து வாங்கி குடுத்தத நான் கெடுத்துட்டேன்."

வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுவருகிறேன் என்றேன், கொண்டுவரவில்லை. இன்று வேலை, நாளை வேலை என்று இரண்டு வாரம் இழுத்தடித்தேன். மாப்பிள்ளை பொறுத்துப் பார்த்துவிட்டு, பாலத்துக்குக் கீழே இருக்கும் ஒரு மெக்கானிக்கிடம் விட்டிருக்கிறார். அவன் தட்டைக் கழற்றியிருக்கிறான்.

அடுத்த நாள் காலை தங்கச்சி ஷெட்டுக்கு வந்தாள். மாப்பிள்ளை வாசலில் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தார். எப்போதும் "என்ன மச்சான்" என்று சத்தம் போட்டுக்கொண்டு உள்ளே வருகிறவர், என்னைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்ததை என் மேஜைமேல் வைத்துப் பிரித்தாள். ஆயில் தட்டு.

"படி."

நான் படிக்கவில்லை.

"சத்தமா படி அண்ணா. எனக்கு கணக்கு சொல்லிக் குடுத்தவன் நீதான? வால் சுருட்டின ஒன்பது, மூக்கு வச்ச நாலு. இந்த எழுத்து எனக்கு தெரியாதா?"

2,87,400. ஆறு வருஷத்துக்கு முந்தைய தேதி. அதற்குக் கீழே, நான் ஆயில் மாற்றியதாகச் சொன்ன அந்த ஞாயிற்றுக்கிழமை. 1,44,900. மூடுவதற்கு முன்னால் என் கை வழக்கம்போலக் கீறியிருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில் அது ஒரு தடவைகூட மறந்ததில்லை.

படித்தேன்.

"அந்த மெக்கானிக், இந்த ஆயில மாத்தவே இல்லம்மான்னு சொன்னாரு. உன்ன அவருக்கு தெரியாது. எவனோ திருடன் பண்ணினதுன்னு நெனச்சு திட்டினாரு. நான் கேட்டுட்டு நின்னேன்."

"புரோக்கர்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"அவன் யாரோ. அவன் எனக்கு அண்ணனா?" தட்டை என் பக்கம் தள்ளினாள். "ரெண்டு வாரமா தூங்கல. அந்த லாரிக்காக ஏன் மிதிச்சேன், ஏன் மிதிச்சேன்னு அழுதுட்டே இருந்தேன். நீ போன்ல கேட்டுட்டுதான இருந்த?"

பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. சுவரைப் பிடித்து நடந்து வாசலுக்குப் போனாள். நான் எழுந்து பின்னால் போனேன். மாப்பிள்ளை பைக்கைச் சாய்த்துப் பிடித்தார். அவள் மடங்காத காலை ஒரு கையால் தூக்கி நீட்டி வைத்து, பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்தாள். வழக்கமாகச் சொல்கிற வார்த்தையை அன்று அவர் சொல்லவில்லை. "நல்லா புடிச்சுக்கோ" என்றார். அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பல்லைக் கடித்திருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை.