பின்னால் வந்த மணி

என் வீட்டுக்காரர் டோகுஜிக்கு மரங்கொத்தியைக் கண்டால் மற்றதெல்லாம் மறந்துபோகும். நேற்றும் ஒரு கரும் மரங்கொத்தியின் பின்னால் போனவர், தோள்பையை வெட்டிய மரத்தின் மேல் வைத்தது வைத்தபடி விட்டுவிட்டார். திரும்பி வந்தால் பை இல்லை. சோற்று உருண்டைகள் போனால் போகட்டும். பதினோரு வருடமாக இந்தக் காட்டில் கண்டதையெல்லாம் எழுதிவைத்த நோட்டு அதில்தான் இருந்தது. அதைத் தேடத்தான் இன்று காலை என்னையும் இழுத்துவந்தார்.

இரவில் முதல் பனி மெல்லிசாக விழுந்திருந்தது. இந்த வருடம் ஓக் மரங்கள் காய்க்கவே இல்லை. அணில்கூடக் கண்ணில் படவில்லை. என் இடுப்பில் கரடி மணி கிணுகிணுத்தது. ஜப்பானின் வடக்கே இந்த ஹொக்காய்டோவில் மணி கட்டாமல் யாரும் காட்டுக்குள் போவதில்லை. சத்தம் கேட்டால் கரடி ஒதுங்கிவிடும், பக்கத்தில் ஆள் இருப்பதும் தெரியும்.

மேடேறும்போது மூங்கில் புதருக்குள் இன்னொரு மணி கரகரத்தது.

“நம்ம பையில கட்டினதுதான், ஃபுமி. கீறல் விழுந்த மணி எனக்குத் தெரியாதா? யாரோ எடுத்து வச்சிருக்காங்க.”

“எடுத்தவங்க பாதையில வராம புதருக்குள்ள என்ன பண்றாங்க?”

“உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்.”

“ரொம்ப நன்றிங்க, உங்களுக்குத்தான் சிரமம்” என்று சொல்லிக்கொண்டே முன்னால் போனார் மனுஷன். பத்தடி போனதும் நின்றுவிட்டார்.

பனியின் மேல் அவருடைய சாப்பாட்டு டப்பா கிடந்தது. தகரத்தில் பல் இறங்கிய ஓட்டைகள். உள்ளே ஒரு பருக்கை இல்லை, வழித்து நக்கியிருந்தது. சுற்றிலும் என் கையைவிட அகலமான காலடிகள், ஒவ்வொன்றிலும் ஐந்து நகக்கீறல். இரவுப் பனிக்குப் பிறகு பதிந்தவை. பையை மட்டும் காணோம்; அதன் வார் கரடியின் கழுத்தில் மாட்டியிருக்க வேண்டும்.

“மணியை நல்லா ஆட்டு. ஓடிரும்” என்றார் மெதுவாக.

ஆட்டினேன். புதருக்குள் அந்த மணி நெருங்கி வந்தது. நிறுத்தினேன், அதுவும் நின்றது. ஒரே ஓர் அடி பின்னால் வைத்தேன். என் மணி லேசாகக் குலுங்க, அது இன்னும் கொஞ்சம் நெருங்கியது. மணி கேட்டால் சோறு கிடைக்கும் என்று நேற்று அதற்குக் கற்றுக்கொடுத்தவர் பக்கத்திலேயே நின்றார்.

“இதைக் கேட்டுத்தாங்க வருது” என்று என் மணியை உள்ளங்கைக்குள் இறுக்கிப் பிடித்தேன்.

நாற்பது வருடத்தில் முதல் தடவையாக, நான் சொன்னதை அவர் உடனே நம்பினார். ஓடாமல், புதரைப் பார்த்தபடியே, பின்னோக்கி இறங்கினோம். நோட்டையும் அவர் மறந்துவிட்டார். மேலே எந்தச் சத்தமும் இல்லை என்று ஆனதும் திரும்பி நடந்தோம்.

கடைசி வளைவில் எங்கள் கார் தெரிந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போதுதான் பக்கத்து வீட்டு மிட்சுயோ அக்கா, பையில் இரண்டு மணி குலுங்க, எதிரே ஏறி வந்தாள். நான் உதட்டில் விரல் வைத்தேன். அடுத்தவரைப் பேசவிட்ட பழக்கம் அவளுக்கு இல்லை.

“என்ன ஃபுமி, மணியைக் கையில பொத்திக்கிட்டு வர்றே? இத்தனை வருஷம் காடு சுத்தி என்ன பிரயோஜனம்? கரடி வந்தா என்ன பண்ணுவே?”

எங்கள் முதுகுக்குப் பின்னால், மிக அருகில், கீறல் விழுந்த மணி கரகரத்தது.

மிட்சுயோ அக்காவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. “பாரு, பின்னாடி வர்றவங்களுக்காவது புத்தி இருக்கு” என்று, தன் மணிகளை இன்னும் பலமாகக் குலுக்கினாள்.