கொடி பாதியில் நிற்கிறது

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் ஜப்பானின் குரே துறைமுக நகரத்துப் பொதுக் குளியலறையில் திருடினேன். பக்கத்தில் முதுகு தேய்த்துக்கொண்டிருந்த தோகுமரு, இரண்டாம் உலகப் போரின்போது விமானந்தாங்கிக் கப்பலில் மெக்கானிக். ஒரே வாக்கியம்தான் சொன்னார்: "கொடி இறங்கற வரைக்கும் ஒருத்தனும் சல்யூட் வச்ச கையை எடுக்கலை." அப்புறம் வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை மூழ்கிவிட்டார். மிச்சம் என் பாடு.

2

'டார்பிடோக்கள் இருளைக் கிழித்துக்கொண்டு...' வேண்டாம். பட்டப்பகல்.

'காயம்பட்ட யானையைப் போலக் கப்பல்...' அடித்துவிட்டேன். விமானம் ஏற்றும் அதன் லிஃப்டிலேயே நாலு யானை நிற்கும்.

நேராகவே போகிறேன். 'ஷிராதோரி' (பெயர் என் கற்பனை) டார்பிடோ பட்டு இடப்பக்கம் சாய்கிறது. எல்லோரும் ஓடுதளத்துக்கு வரக் கட்டளை. கொடியை இறக்கி, மரியாதை செய்து, பிறகே கடலில் குதிக்க வேண்டும்.

3

தோகுமருவும் நண்பன் யசுகவாவும் இரண்டு வருடம் கப்பலின் வயிற்றுக்குள் விமான எஞ்சின் கழற்றியவர்கள். காலி ஓடுதளத்தை இன்றுதான் பார்க்கிறார்கள்.

"அடேயப்பா! நம்ம கப்பல் இவ்ளோ பெருசாடா?" என்கிறான் யசுகவா.

"வாயைப் பொளக்காதே. உனக்கு நீச்சல் தெரியாதே, என்ன பண்ணப்போறே?"

"விமானத்துக்குத்தானே ஆள் எடுத்தாங்க. மீனுக்கா எடுத்தாங்க?"

"சிரிக்காதேடா எருமை. கொடி இறங்கினதும் என் பெல்ட்டைப் பிடிச்சுக்கோ."

(இந்த யசுகவா இருந்தானா? தெரியாது. ஆனால் பேச ஆரம்பித்துவிட்டான். இனி அவனை அழிக்க எனக்கு மனசில்லை.)

4

கொம்பு முழங்குகிறது. நூற்றுக்கணக்கான கைகள் நெற்றிக்கு ஏறுகின்றன. கொடி இறங்குகிறது...

பாதியில் சிக்கிக்கொண்டது. கயிறு.

தளம் கூரைபோல் சரிகிறது. ஒரு கைகூட இறங்கவில்லை. கீழ்வரிசை அப்படியே, சல்யூட்டோடு, சத்தமில்லாமல் வழுக்கிக் கடலுக்குப் போகிறது. இதை எழுதும்போது நானும் எழுந்து நின்றுவிட்டேன். முட்டாள்தனமா, மகத்துவமா? எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

யசுகவாவின் பூட்ஸ் நழுவுகிறது.

"டேய், கையைக் குடு!" என்கிறார் தோகுமரு.

"சும்மா இருடா. கொடி இன்னும் இறங்கலை."

5

முடிவு ஒன்று: கயிறு விடுபடுகிறது, இருவரும் பிழைக்கிறார்கள். எழுதினேன். பொய் நாறியது.

முடிவு இரண்டு: தோகுமரு சல்யூட்டை உடைத்து நண்பனைப் பிடிக்கிறார். அத்தனை பேர் முன்னால் அவர் ஒருவர் கை மட்டும்... பிறகு யசுகவா அவர் முகத்தில் விழிப்பானா?

மூன்றாவதை எழுத என்னால் முடியாது.

கொடி பாதியில். தோகுமருவின் விரல்கள் நெற்றியில். யசுகவாவின் காலர் ஒரு சாண் தள்ளி, நகர்ந்துகொண்டிருக்கிறது. நான் பேனாவை மூடிவிட்டேன். அந்த இடத்தில் இப்போது நீங்கள் நிற்கிறீர்கள்.

உங்கள் கை எங்கே இருக்கிறது?