சுண்டிப் பார்த்த ஆறு

மழை வருமா வராதா என்று எங்கள் தெருவில் யாரும் ரேடியோவைக் கேட்பதில்லை. என்னைத்தான் கேட்பார்கள். ரேடியோவுக்கு லைசென்ஸ் எடுக்க வேண்டும். எனக்கு ஒரு டீ போதும்.

வித்தை ஒன்றும் பெரிதில்லை. தறியில் நீளவாக்கில் ஏற்றியிருக்கும் பட்டிழைகளுக்குப் பாவு என்று பேர். அதை விரலால் சுண்டுவேன். காற்றில் ஈரம் ஏறினால் பட்டிழை தொய்ந்து, 'தொப்'பென்று செத்த சத்தம் வரும். காய்ந்த நாளில் 'டிங்'கென்று தந்தி மாதிரி பேசும். எங்கள் பிள்ளையார்பாளையத்தில் எல்லா நெசவாளிக்கும் இது தெரியும். அவர்கள் தெரிந்துகொண்டு வேலையைப் பார்த்தார்கள். நான் தெரிந்துகொண்டு தெருவில் அறிவித்தேன். மூன்று கல்யாணப் பந்தலும் ஒரு தேர்தல் ஊர்வலமும் என் வாக்குப்படி நனையாமல் தப்பிய பிறகு, எனக்கு நெசவு குறைந்து தீர்க்கதரிசனம் கூடிவிட்டது.

அறுபத்தொன்பதில் ஆவணி அமாவாசை. அமாவாசைக்குத் தறி ஓடாது என்பதால் ஓரிக்கைக்குப் போய்ப் பாலாற்றில் பொழுதைக் கழிப்பதாக ஏற்பாடு. பக்கத்து வீட்டு சபாபதி, அவன் மனைவி, மூன்று பிள்ளைகள். எங்கள் வீட்டில் நான், மனைவி ரேணுகாம்பாள், மாமியார் லோகாம்பாள். ஆக எட்டுப் பேர். காலையில் எல்லோரும் பார்க்கச் சுண்டினேன். டிங்.

"கெளம்புங்கப்பா! ஒரு பொட்டு மழை கெடையாது."

"முந்தாநாள் ராத்திரி மேக்கால மின்னிக்கினே இருந்துச்சே மாப்ளே" என்று கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. பன்னிரண்டு வருஷமாக மாமியார் என்னிடம் கதவுக்குப் பின்னால் நின்றுதான் பேசுவார். மரியாதை. என் முகத்தைப் பார்க்காமல் இருப்பதில் வேறு சௌகரியங்களும் இருந்திருக்கலாம்.

"மின்னுனா மின்னட்டும் அத்தை. பாவு பொய் சொல்லாது."

அவருக்கு முழங்காலில் வாதம். அவருக்கென்று ஒரு ஜட்கா வண்டி பேசினோம்.

ஓரிக்கையில் ஆறு சாதுவாகத்தான் இருந்தது. கணுக்கால் நனையும் ஓடை ஒன்று, அதைத் தாண்டினால் நடு ஆற்றில் அகலமான மணல் திட்டு. கரையில் கத்தரித் தோட்டம் போட்டிருந்த சாமுவேல் எங்களைப் பார்த்து ஓடிவந்தான். முப்பது வயசிருக்கும்.

"திட்டுக்குப் போவாதீங்கண்ணே. காலைல தண்ணி பளிங்காட்டம் இருந்துச்சு. இப்போ கலங்கலா இருக்குது. இங்கியே உக்காந்து சாப்டுங்க."

"மேல எங்கியாச்சும் எருமை எறங்கியிருக்கும்பா. வானத்தைப் பாரு. நான் பாவைச் சுண்டிட்டுதான் வந்திருக்கேன்."

"எங்க சுண்டினீங்க?"

"தறியிலதான். வேற எங்க?"

அவன் எங்களோடு திட்டுக்கு வந்து, நீரின் ஓரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி மணலில் ஒரு குச்சியை நட்டான். "தண்ணி இதைத் தொட்டுச்சுன்னா சோத்தைக்கூட பாக்காதீங்க. ஓடியாந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் அந்தக் குச்சியில் என் சட்டையை மாட்டினேன்.

பிள்ளைகள் துண்டை விரித்து மீன் பிடித்தார்கள். மாமியார் திட்டின் மறுகோடியில் குடையை விரித்துச் சாய்ந்துகொண்டார். நான் ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, புளியோதரையோடு என் பழைய வெற்றிகளையும் சபாபதிக்குப் பரிமாறிக்கொண்டிருந்தேன். இரண்டாவது கல்யாணப் பந்தல்வரை வந்திருப்பேன்.

"ஏங்க, உங்க சட்டை குளிக்குது" என்றாள் ரேணுகாம்பாள்.

திரும்பினேன். குச்சி காய்ந்த மணலில் இல்லை, தண்ணீருக்குள் நின்றது. சட்டைக் கை மிதந்து கிழக்கே இழுபட்டது. தண்ணீர் செங்கல் நிறம். நுரை, வைக்கோல், அதன்மேல் உருண்டையாகச் சுருண்டு மிதந்து வரும் எறும்புக் கூட்டம். தலைக்கு மேலே ஒரு மேகம்கூட இல்லாமல் வெயில் கொளுத்தியது. அந்த நீல வானத்தைப் பார்த்தபோதுதான் புளியோதரையைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

கரையிலிருந்து சாமுவேல் இரண்டு கையையும் வீசிக் கத்திக்கொண்டிருந்தான். சபாபதி இரண்டு பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மனைவியோடு இறங்கினான். கணுக்கால் ஓடை அவனுக்கு முழங்காலைத் தாண்டியது. மூன்றாவது பிள்ளையின் கையை ரேணுகாம்பாளிடம் பிடித்துக் கொடுத்தேன்.

"அம்மா?" என்றாள்.

"நான் கூட்டிக்கினு வரேன். நீ போ."

"உங்களை நம்பியா?"

அந்தக் கேள்வியைக் காலையிலேயே யாராவது கேட்டிருக்கலாம். பதிலுக்கு நிற்காமல் மறுகோடிக்கு ஓடினேன்.

மாமியார் எழுந்திருக்க முயன்று முடியாமல் உட்கார்ந்திருந்தார். குடைக்கம்பைத் தண்ணீர் தொட்டுவிட்டது.

"மழை இல்லைன்னீங்களே மாப்ளே."

"மழை இல்லைதானே அத்தை! முதுகுல ஏறுங்க."

"உங்க முதுகுலயா?" என்று முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார்.

"இங்க கதவு இல்ல அத்தை. ஏறுங்க!"

ஏறினார். நல்ல கனம். நீரில் இறங்கியபோது எனக்குத் தொடைவரை வந்தது. நான்கு அடி வைப்பதற்குள் இடுப்பு. கால் வைத்த இடத்திலெல்லாம் மணல் கரைந்து நழுவியது. நின்றால் புதைகிறது, எடுத்தால் இழுக்கிறது. ரேணுகாம்பாள் கரையேறிவிட்டது தெரிந்தது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு எங்களையே பார்த்தபடி நின்றாள்.

"என்னை விட்டுட்டுப் போங்க மாப்ளே" என்றது காதருகே குரல்.

"விட்டா உங்க பொண்ணு எனக்குச் சோறு போட மாட்டா."

"இப்போ மட்டும் போட்டுடுவாளா?"

சிரிப்பு வந்தது. அந்த நேரம் பார்த்து இடது கால் ஒரு பள்ளத்தில் இறங்கியது. மூக்குவரை தண்ணீர். மாமியார் என் தலைமுடியை இரண்டு கையாலும் பிடித்தார். நான் அவர் கால்களை விடவில்லை. என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான். நீந்தத் தெரியாது என்பதை இவ்வளவு நேரம் நான் யாரிடமும் சொல்லவில்லை.

முகத்தில் பாம்பு போல ஏதோ விழுந்தது. கயிறு. மாடு கட்டிக் கிணற்றுத் தண்ணீர் இறைக்கிற கவலையின் வடம். அதற்குக் கவலை என்று பேர் வைத்தவன் அன்றைக்கு என் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஒரு முனையைப் பனைமரத்தில் கட்டிவிட்டு, சாமுவேல் மார்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான்.

"கையில சுத்திக்கோங்கண்ணே! அம்மாவை விடாதீங்க!"

சபாபதியும் அவன் மனைவியும் ரேணுகாம்பாளும் கரையிலிருந்து இழுத்தார்கள். எப்படி வந்து சேர்ந்தோம் என்று எனக்குத் தெரியாது. மணலில் குப்புற விழுந்ததும் எண்ணினேன். எட்டு. மறுபடியும் எண்ணினேன்.

திரும்பிப் பார்த்தபோது திட்டு இல்லை. குடை மட்டும் தலைகீழாகச் சுழன்றுகொண்டே போனது.

யாராவது திட்டினால் தேவலை என்றிருந்தது. ரேணுகாம்பாள் தன் தாயின் முகத்தை முந்தானையால் துடைத்தாள். அதே முந்தானையால், கொஞ்சம் அழுத்தமாக, என் முகத்தையும் துடைத்தாள்.

மாமியார்தான் முதலில் வாய் திறந்தார், சாமுவேலைப் பார்த்து.

"இவ்ளோ தண்ணி எங்கேருந்துபா வந்துச்சு?"

"மேக்கால ஆம்பூர்ப் பக்கம் முந்தாநாள் பேய் மழைன்னு சொன்னாங்கம்மா. அது இங்க வந்து சேர இன்னிக்கு ஆயிடுச்சு."

மாமியார் மேற்கே ஆற்றைப் பார்த்தார்.

"மாப்ளே, தறியில ஏத்தியிருக்கீங்களே, அந்தப் பாவு எவ்ளோ நீளம்?"

"மூணு பொடவைக்கு வரும் அத்தை."

"ஆம்பூருக்கு எட்டாது, இல்ல?"

முதன்முறையாக, கதவு எதுவும் இல்லாமல், என் முகத்தை நேராகப் பார்த்துத்தான் கேட்டார். "எட்டாது அத்தை" என்று தலையாட்டப் பார்த்தேன். முடியவில்லை. என் முடியை அவர் இன்னும் விடவில்லை.