செல்வியின் முகத்துக்கு ஒரு மீட்டர்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை நான் யோசித்துக் கண்டுபிடித்ததல்ல. கேரளத்துச் சித்தூரில் வெயிலுக்கு ஒதுங்கிய ஒரு போட்டோ ஸ்டுடியோவில் கிடைத்தது.

கடைக்காரர் பெயர் ஜோபி. எனக்கு முன்னால் நின்றிருந்த இளைஞர், உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்றை மேஜைமேல் வைத்து, "இது கெட்டுப்போனதுங்க சேட்டா, வேற குடுங்க" என்றார். ஜோபி அதை ஜன்னல் பக்கம் நீட்டி, முள்ளைப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒரு கேடும் இல்ல மோனே" என்றார்.

"கேடு இருக்குதுங்க."

"இல்ல."

"இருக்குதுங்க."

இப்படியே கால் மணி நேரம். அதற்குள் என் பாலக்காட்டுப் பேருந்து போய்விட்டது. போன பேருந்துக்கு ஈடாக இந்தக் கதையை எடுத்துக்கொண்டேன்.

இளைஞரின் பெயரை ஆனந்தகுமார் என்று மாற்றிவிட்டேன். எருமையின் பெயரை மாற்றவில்லை. எருமைகள் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதில்லை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

அ) "மீனாட்சிபுரத்தில் பொழுது புலர்ந்தது. தென்னங்கீற்றுகளின் நுனியில் பனித்துளிகள் வைரங்களாய்"

(நிறுத்திவிட்டேன். அந்த நேரத்தில் ஊரே பால் கறந்துகொண்டிருக்கும். வைரத்தைப் பார்க்க ஆள் கிடையாது.)

ஆ) "ஒளி என்பது என்ன?"

(இப்படித் தொடங்கினால் வாசகர் நேராக ராசிபலனுக்குப் போய்விடுவார்.)

இ) "கொம்பு மட்டும் நிக்குது. என்ர செல்வி எங்கீங்க?" என்று கேட்டாள் மௌனிகா.

இது இருக்கட்டும். ஆனால் மௌனிகா யார், செல்வி யார் என்று சொல்லாமல் மேலே போனால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். சொல்கிறேன்.

3

ஆனந்தகுமாருக்கு வயது இருபத்தொன்பது. மீனாட்சிபுரம் பால் சொசைட்டியில் வேலை. ஊர்ப் பாலைக் கேன் கேனாக மெஷினில் வைத்து, கொழுப்பு எத்தனை என்று சொல்பவன் அவன்தான். பசும்பால் என்றால் நாலு, எருமைப்பால் என்றால் ஏழு. அதையொட்டித்தான் எண் வரும். மாறி வந்தால் ஒன்று பாலில் தண்ணீர், இல்லையென்றால் மெஷினில் அழுக்கு. மூன்றாவது காரணம் ஒன்று உலகத்தில் இருப்பதாக அவனுக்குத் தெரியாது.

போன வருடம் தேவிகுளம் போயிருந்தபோது, சுடலைமணி என்ற எஸ்டேட் ஜீப் டிரைவரிடமிருந்து ஒரு பழைய பிலிம் கேமரா வாங்கி வந்தான். அவனைவிட வயதில் மூத்த கேமரா. லென்ஸின் வாயை எவ்வளவு திறப்பது என்பதைக் கையால் வளையத்தைத் திருப்பித்தான் முடிவு செய்ய வேண்டும். சின்ன எண் வைத்தால் வாய் பெரிதாகத் திறக்கும், வெளிச்சம் நிறைய வரும். பெரிய எண் வைத்தால் வாய் சுருங்கும். எந்த எண் என்று சொல்ல அதற்குள் மீட்டர் கிடையாது. மீட்டர் இல்லாத ஆட்டோவைப் போல, வெளிச்சத்தோடு பேரம் பேசித்தான் வண்டி ஓட வேண்டும்.

மௌனிகா பக்கத்துத் தோட்டத்துக்காரப் பெண். பி.காம். படித்துவிட்டு நான்கு எருமைகள் வளர்க்கிறாள். தினமும் காலையில் ஆனந்தகுமாரின் மேஜைக்குத்தான் பால் கொண்டுவருவாள். இரண்டு வீட்டிலும் சம்பந்தம் பேசி, பெரியவர்கள் எல்லோரும் சரி என்று சொல்லி, மௌனிகா சொல்வது மட்டும் பாக்கி. அந்தச் சமயம் பார்த்து, அவளுக்குப் பிடித்த எருமையான செல்வியை நம் ஆள் தன் கேமராவில் உத்தேசமாக ஒரு படம் எடுத்தான். கோயமுத்தூரில் கழுவி வந்த படத்தை மேஜையிலேயே காட்டினான்.

"கொம்பு மட்டும் நிக்குது. என்ர செல்வி எங்கீங்க?" என்று கேட்டாள் மௌனிகா.

"வெளிச்சம் கொஞ்சம் கம்மிங்க."

"நட்ட நடு மத்தியானமுங்க அது."

"செல்வி வேற நல்லாக் கருப்புங்களா..."

"எருமை கருப்பா இல்லாம பச்சையாவா இருக்கும்? என்ர பாலுல புள்ளி வெச்சுக் கொழுப்புச் சொல்றீங்க. என்ர எருமைக்கு ஒரு மூஞ்சி இருக்கறது உங்களுக்குத் தெரியலீங்களா?"

பின்னால் பால் கேனோடு நின்ற வரிசை முழுக்கச் சிரித்தது. மௌனிகா சிரிக்கவில்லை.

"செல்விக்குக் கண்ணு மூக்கெல்லாம் தெரியற மாதிரி ஒரு படம் எடுத்துக் காட்டுங்க. கண்ணாலப் பேச்சை அதுக்கப்பறம் பேசிக்கலாம்."

(இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. எருமை முகத்துக்காக ஒரு பெண் கல்யாணத்தை நிறுத்தி வைப்பாளா? என் மனைவியிடம் கேட்டேன். "இதுக்கு நிறுத்தாம வேற எதுக்கு நிறுத்தறது?" என்றாள். அதனால் அப்படியே விட்டுவிட்டேன்.)

4

ஆனந்தகுமாரின் அம்மா பழனாத்தாள் காதுக்குச் செய்தி அன்றைக்கே போய்விட்டது.

"எருமைக்கு மட்டும் போட்டோ, என்ர வெள்ளச்சி என்ன தெருவுல கெடந்து வந்ததா? சம்பந்தம்னா ரெண்டும் ஒரே படத்துல சேர்ந்து நிக்கோணும். பட்டிப் பொங்கலன்னிக்கு எடு."

பட்டிப் பொங்கல் என்பது மாட்டுப் பொங்கல்; வெள்ளச்சி அவர்கள் வீட்டுப் பசு. சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும். பக்கத்தில் கரிமூட்டை மாதிரி செல்வி. இரண்டுக்கும் சேர்த்து ஒரே எண். உத்தேசம் இனி உதவாது, மீட்டர் வேண்டும் என்று ஆனந்தகுமாருக்கே புரிந்துவிட்டது.

மொபைலில் இலவசமாகவே ஒரு மீட்டர் ஆப் கிடைத்தது. அதை அம்மாவுக்குக் காட்டினான்.

"மொபைல்ல மீட்டர் இருக்குதுன்னா, மொபைல்லயே போட்டோ எடுத்துட்டாத்தான் என்ன?"

அந்த ஆப் அன்றோடு போயிற்று.*

ஜோபியிடம் போனான். ஜோபி எடுத்துக் கொடுத்த மீட்டரின் தலையில் பாதிக் கோழிமுட்டை போல ஒரு வெள்ளைக் குமிழ். "மேல வந்து விழற வெளிச்சத்தை இது அளக்கும். விழற இடத்துல பிடிக்கணும். அங்க நிக்கறது கருப்பா வெளுப்பான்னு இதுக்குக் காரியமே இல்ல" என்றார் ஜோபி. கடைசி வாக்கியத்தின்போது ஆனந்தகுமார் அதன் தோல் உறையை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலை நாலு மணி வெயிலில் வரப்பில் சோதனை. செல்வி பக்கத்தில் வேற்றாள் போனால் முட்டும். அதனால் மௌனிகாவே மீட்டரை வாங்கிப் போய் அதன் கன்னத்தருகே பிடித்தாள்.

"எட்டுங்க."

வெள்ளச்சியிடம் பழனாத்தாள் பிடித்தாள்.

"எட்டு."

ஆனந்தகுமார் குமிழைத் துண்டால் துடைத்தான். மறுபடி எட்டு. எட்டு.

"எருமைக்கும் எட்டு, பசுவுக்கும் எட்டா? உங்க சொசைட்டியில இப்பிடிக் காட்டுனா மெஷினை என்ன பண்ணுவே?" என்றாள் அம்மா.

"சர்வீசுக்கு அனுப்போணும்."

"அப்பறம் என்ன, அனுப்பு."

மௌனிகாவும் தலையாட்டினாள். பால்காரர்கள் மூவரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

(இரண்டின்மேலும் விழுவது ஒரே வெயில், மீட்டர் சொன்னது சரி என்று அவனிடம் சொல்ல நினைத்து ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன். மெஷின் விஷயத்தில் ஊரே அவன் பேச்சைக் கேட்கிறது. என் பேச்சை என் வீட்டில்கூடக் கேட்பதில்லை.)

* நான் அந்த ஆப்பைப் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது ஜெயித்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். நாலு பக்கம் எழுதித் தருவதாகப் பத்திரிகை ஆசிரியரிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

5

ஜோபி கடைச் சண்டையை ஏற்கெனவே பார்த்தீர்கள். கடைசியில் ஜோபி பெருமூச்சு விட்டு, குமிழ் இல்லாத வேறொன்றை எடுத்து வைத்தார்.

"இது பொருள்ல பட்டுத் திரும்பி வர்ற வெளிச்சத்தை அளக்கும். ஆனா மோனே, இதுக்கு லோகம் முழுக்கச் சாம்பல் நிறம். எருமையைக் காட்டினா எருமையைச் சாம்பலாக்க ஒரு நம்பர் சொல்லும். பசுவைக் காட்டினா பசுவையும் சாம்பலாக்க வேறொரு நம்பர்."

"நம்பர் மாறுங்களா?"

"மாறும். அதுதான் இதோட குழப்பமே."

"மாறுதுல்லீங்க? இதையே குடுங்க."

6

பட்டிப் பொங்கல். அதே நாலு மணி வெயில். மஞ்சள் பூசி, கொம்பில் மாலை சுற்றி, செல்வியும் வெள்ளச்சியும் பக்கத்தில் பக்கத்தில். ஆனந்தகுமார் புது மீட்டரைத் தள்ளி நின்றே செல்வி முகத்துக்கு நேரே நீட்டினான். நாலு. வெள்ளச்சிக்கு நீட்டினான். பதினாறு.

"இது மீட்டரு!" என்றாள் பழனாத்தாள்.

அந்தச் சந்தோஷம் அரை நிமிடம் இருந்தது. நாலா, பதினாறா?

முதல் முடிவு: நாலு வைக்கிறான். செல்வியின் இமைமயிர்வரை தெரிகிறது. வெள்ளச்சி இருந்த இடத்தில் வெறும் காகிதம். பழனாத்தாள் மூன்று மாதம் மகனோடு பேச மாட்டாள், மருமகளோடு முப்பது வருடம்.

இரண்டாவது முடிவு: பதினாறு வைக்கிறான். வெள்ளச்சி கோயில் சிலை. பக்கத்தில் காற்றில் மிதக்கும் இரண்டு கொம்புகள். மௌனிகா பாலை வேறு சொசைட்டிக்குக் கொண்டுபோகிறாள்.

இரண்டையும் ஆனந்தகுமாருக்குக் காட்டினேன். இரண்டுமே வேண்டாம் என்று வளையத்தைப் பிடித்தபடி நிற்கிறான். இடப்பக்கம் அம்மா அவன் விரலையே பார்க்கிறாள். வலப்பக்கம் மௌனிகாவும் அதையே பார்க்கிறாள். (ஒரு மேகத்தை அனுப்பிக் காப்பாற்றலாமா என்று பார்த்தேன். தை மாதத்தில் எங்கே போய் மேகம் பிடிப்பது?)

மௌனிகாதான் வாயைத் திறந்தாள். "ஏனுங்க, சொசைட்டியில பசும்பாலையும் எருமைப்பாலையும் ஒரே கேன்ல ஊத்துனா மெஷின் எத்தனை காட்டும்?"

"ரெண்டுக்கும் நடுவுல காட்டும்."

"அப்ப நடுவுல வைங்க."

"நாலும் பதினாறும் இருவது. பாதி பத்து. பத்துல வை கண்ணு" என்றாள் பழனாத்தாள்.

வளையத்தில் பத்து இல்லை. நாலு, அஞ்சரைச் சொச்சம், எட்டு, பதினொன்று, பதினாறு, அவ்வளவுதான்.*

"பத்தே இல்லாத கேமராவையா வாங்குனே?"

மௌனிகா எட்டிப் பார்த்து விரலால் எண்ணினாள். "இந்தப் பக்கம் ரெண்டு தாண்டுனா எட்டு. அந்தப் பக்கம் ரெண்டு தாண்டுனாலும் எட்டு. எட்டுல வைங்க."

ஆனந்தகுமார் எட்டில் வைத்தான். வைத்த கை அப்படியே நின்றது.

"அத்தை, அந்தக் கெட்டுப்போன மீட்டரும் எட்டுன்னுதானுங்களே சொல்லுச்சு?" என்றாள் மௌனிகா.

"அது குருட்டாம்போக்குல சொல்லியிருக்கும் அம்மிணி. நீ எடு ஆனந்தா, வெயில் போகுது."

ஆனந்தகுமார் எடுத்தான்.

* கணக்கு ஆசிரியர்கள் கடிதம் எழுத வேண்டாம். பத்து ஏன் இல்லை என்பதைப் பழனாத்தாளுக்கு விளக்க ஜோபி நேரில் வந்து, காப்பி குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

7

ஆசிரியர் போனில் கேட்கிறார்: "கல்யாணம் உண்டா, இல்லையா? ஓவியர் காத்திருக்கிறார்."

பிலிம் கோயமுத்தூர் போய்க் கழுவி வரப் பத்து நாள் ஆகும். படம் எப்படி வந்தது என்று இப்போது எனக்கும் தெரியாது. ஆனால் மௌனிகா பத்து நாள் காத்திருக்கிற ஆள் இல்லை.

"பத்து நாளும் எங்க ஊட்டுல கேட்டுட்டே இருப்பாங்க. நான் என்னன்னுங்க சொல்றது?"

ஆனந்தகுமாருக்காக நல்ல நல்ல வசனங்கள் எழுதி வைத்திருந்தேன். ஒன்றையும் அவன் தொடவில்லை.

"பிலிம்ல இன்னும் ஒரு படம் மிச்சம் இருக்குதுங்க" என்றான்.

மௌனிகா அவன் கையிலிருந்து கேமராவை வாங்கினாள். மீட்டரையும் வாங்கினாள். அவன் முகத்துக்கு நேராக நீட்டி முள்ளைப் பார்த்தாள். பிறகு முள்ளை விட்டுவிட்டு முகத்தைப் பார்த்தாள். இந்தக் கதையில் முதல்முறையாகச் சிரித்தாள்.

"அசையாம நில்லுங்க."

வளையத்தைத் திருப்பினாள். நாலு என்றால் அவன் முகத்தில் ஒரு மரு பாக்கியில்லாமல் பார்க்க ஆசைப்படுகிறாள். எட்டு என்றால் உள்ளபடி இருந்தால் போதும் என்கிறாள். பதினாறு என்றால் அவன் கரிமூட்டை, அதிலும் கொம்பு இல்லாதது. எட்டிப் பார்த்தேன். கட்டைவிரலால் எண்ணை மறைத்துக்கொண்டு அமுக்கிவிட்டாள்.

ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். முடிவுக்கு இந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்:

மௌனிகா வைத்த எண்: ________

நீங்களே நிரப்புங்கள். பேனாவால் நிரப்புங்கள், பென்சில் என்றால் அழித்துப் பத்து என்று மாற்றிவிட ஆள் இருக்கிறது. பழனாத்தாள் பக்கத்தில்தான் நிற்கிறாள்.