பூட்டை யார் திறப்பது

முதல் அடி முழங்கையில் விழுந்தது. இரண்டாவது அடியில் மோட்டார் கொட்டகைச் சுவரோடு சாய்ந்துவிட்டேன். குணசேகரன் மண்வெட்டிக் காம்பைக் கை மாற்றிப் பிடித்தார்.

“கைநாட்டா இருந்த பய, கம்ப்யூட்டருக்குச் சட்டம் போடுறியா? வாபஸ் வாங்குடா!”

எங்கள் கடைமடையில் ஏழு பேருக்கு ஒரே போர்செட்டு. யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்பதைப் போனில் ஓடும் நிரல் சொல்லும். ‘நடவு’ என்ற தமிழ்க் கணினி மொழியில் எழுதியது அது. ஏழு பேரில் ஒருவரான குணசேகரன் நிரலுக்குள் புகுந்து தன் பெயரை மேலே ஏற்றிக்கொள்வார். போன போகம் என் பயிர் காய்ந்தது. இந்தப் போகமும் சூல் கட்டித் தண்ணீருக்கு நிற்கிறது.

‘நடவு’ யாருக்கும் சொந்தமில்லை. என்ன வேண்டுமென்று எவரும் எழுதிப் போடலாம். பதினான்கு நாள் எல்லோரும் படிப்பார்கள். கை தூக்கி எண்ணுவதில்லை. வேண்டாம் என்பவர் காரணம் எழுத வேண்டும். அதற்குப் பதில் வராமல் மொழியில் ஏற்றமாட்டார்கள்.

‘பூட்டு என்று ஒரு சொல் வேண்டும். பூட்டிய வரிசையை ஓடி முடியும்வரை யாரும் மாற்றக்கூடாது’ என்று நான் எழுதினேன். பட்டுக்கோட்டை ஷஹ்பாஸ் மட்டும் தடை சொல்லியிருந்தார். ‘நடுவில் மோட்டார் கெட்டால் வரிசையை மாற்றித்தான் ஆக வேண்டும். பூட்டை யார் திறப்பது?’ பதின்மூன்று நாளாகியும் எனக்குப் பதில் தோன்றவில்லை.

எழுதியவனால்தான் திரும்பப் பெற முடியும். குணசேகரன் அதையும் படித்திருந்தார். என் வலக்கையைக் கல்லில் வைத்து மிதித்தார். விரல் இரண்டு ஒடிந்த சத்தம் எனக்கே கேட்டது. என் போனை முகத்துக்கு நேரே நீட்டினார்.

“அமுக்குடா.”

அவர் மணிக்கட்டைக் கடித்தேன். வாயெல்லாம் ரத்தம். கீழே விழுந்த போனை இடக்கையால் எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் எறிந்தேன். அதற்கும் சேர்த்து அடித்தார். பக்கத்து வயல் வைரக்கண்ணு ஓடிவந்து இழுத்திராவிட்டால் மண்டை போயிருக்கும்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் மகள் பரிதி தன் போனை என் காதில் வைத்தாள். ஷஹ்பாஸ் பேசினார்.

“அண்ணே, எல்லாரும் கொதிச்சுப்போய் இருக்காங்க. என் தடைய எடுத்துடுறேன். இன்னைக்கே ஏத்திடுவோம்.”

“பூட்ட யாரு திறக்கிறதுன்னு பதில் கெடச்சிருச்சா தம்பி?”

“உங்கள அடிச்சிருக்காங்கண்ணே!”

“நான் அடி வாங்குனது பதிலாயிடுமா? அப்ப அவர் அடிச்சதும் ஒரு காரணமாயிடும்ல.”

“அப்ப இன்னும் பதினாலு நாள் தள்ளணும்ணே.”

பரிதி போனைப் பிடுங்கினாள். “புத்தி கெட்டுப்போச்சாப்பா? பயிர் ஒரு வாரம் தாங்குமா?”

“தாங்காது. தள்ளச் சொல்லு.”

அவள் என்னோடு இரண்டு நாள் பேசவில்லை. பதினோராம் நாள் வைரக்கண்ணுதான் சொன்னான், வரிசையில் உள்ள அத்தனை பேரும் சேர்ந்து சம்மதித்தால் பூட்டு திறக்கட்டும் என்று. எழுதிப் போட்டேன். ஷஹ்பாஸ் தடையை எடுத்தார். சொல் மொழியில் ஏறியது. என் ஒன்றரை மா வயலில் அதற்குள் மாடு மேய்ந்துகொண்டிருந்தது.