முதல் கம்பியின் மிச்சம்

1

என் ஸ்கூட்டர் நின்றுபோனதால் பிறந்த கதை இது. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி, கிருஷ்ணன்கோவிலில் கல்லூரிப் பேருந்துகளுக்கு நடுவே அது மூச்சை விட்டது. தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்த இடம் கிளாட்வினின் பட்டறை. அவன் கார்புரேட்டரைப் பிரித்தான், ஒரு மிட்டாய் டப்பாவைத் திறந்தான். உள்ளே சுருள் சுருளாகக் கம்பி.

"இது என்ன கம்பிப்பா?"

"கிதார் கம்பி அண்ணாச்சி. சர்ச்சுல வாசிக்கிறேன்ல. அந்து போனா எறியுறதில்ல."

பெட்ரோல் வரும் பித்தளைத் துளைக்கு ஜெட் என்று பெயர். தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அது அடைத்துக்கொண்டால் எதை விட்டுக் குத்துவது என்பதில்தான் சூட்சுமம். ஈர்க்குச்சி உள்ளேயே முறியும். ஊக்கு போகப் போகத் தடிக்கும், துளையை விரித்துவிடும். கிதாரின் முதல் கம்பிதான் இருப்பதிலேயே மெல்லியது, நுழைந்து அழுக்கை மட்டும் தள்ளும். பாட்டுக்காரனும் மெக்கானிக்கும் ஒரே ஆளாகக் கிடைத்தால் எழுத்தாளனுக்குக் கரும்பு தின்னக் கூலியா?

2

தொடக்கங்கள்:

ஞாயிறன்று கிதாரும் மற்ற நாட்களில் ஸ்பேனரும் பிடிக்கும் அந்தக் கைகள்—

[வேண்டாம். கைகளில் தொடங்கினால் கடைசிவரை கைகளே வந்து தொலைக்கும்.]

கார்புரேட்டர் என்பது ஓர் இதயம்—

[இல்லை. அது கார்புரேட்டர்.]

வ. புதுப்பட்டியை அடுத்த ஒரு தேவாலயத்தில் அசனப் பண்டிகை.

[இது இருக்கட்டும். ஊரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடும் பண்டிகை. சோற்று வாசனையோடு தொடங்கிய கதை சோடை போகாது.]

3

கிளாட்வினின் மனைவி வின்சி வருஷா வருஷம் அந்தப் பண்டிகையில் தனியாக ஒரு பாட்டுப் பாடுவாள். போன வருஷம் தொண்டையில் கட்டி எடுத்தார்கள். குரல் திரும்பி வந்தது, ஆனால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கிற அளவுக்கு. மைக் இருந்தால் கேட்கும். இந்த வருஷம் பாடுகிறேன் என்று பெயர் கொடுத்திருக்கிறாள். கிளாட்வின்தான் கிதார்.

இதுவரை நிஜம். பண்டிகை வருகிற ஞாயிறுதான். எனக்குப் பொறுக்கவில்லை, கதைக்குள் இப்போதே நடத்திவிட்டேன்.

கதையில் காற்றடித்து மரக்கிளை லைன் மேல் விழுகிறது, கரண்ட் போகிறது. சபைக்கு ஒரு ஜெனரேட்டர் உண்டு. பண்டிகைக்கு மட்டும் வெளியே வரும். முடிந்ததும், "அடுத்த வருஷத்துக்கு ஆகும்ல" என்று மிச்சப் பெட்ரோலை உள்ளேயே விட்டுச் சாக்குப் போட்டு மூடிவிடுவார்கள். சிக்கனம்தான். அந்தப் பெட்ரோல் ஒரு வருஷத்தில் பிசினாகி ஜெட்டை அடைத்துக்கொண்டது.

வின்சி பாட இன்னும் செத்த நேரம்தான் இருக்கிறது. மைக் ஊமை.*

* பட்டறைக்குப் போய் டப்பாவை எடுத்து வரலாமே என்கிறீர்களா? பட்டறைச் சாவியைக் கிளாட்வினின் மச்சினன் மெல்வினிடம் கொடுத்து ராஜபாளையத்துக்கு அனுப்பிவிட்டேன். எனக்கு இதுகூட உரிமையில்லையா?

4

ஆபத்து போதவில்லை என்று தோன்றியது. கமிட்டிப் பெரியவர் தேவஇரக்கத்தை உண்டாக்கினேன். முழுக்க முழுக்க என் கற்பனை, ஆனால் எல்லா சபையிலும் ஒருவர் இருப்பார்.

"ஏலே கிளாட்வின், நீ வாரதுக்குள்ள நானே கழத்திக் குத்திவிட்டுட்டேன்."

"எதால மாமா?"

தேவஇரக்கம் தன் சட்டையைப் பார்த்தார். கமிட்டிக்காரர்கள் குத்திக்கொள்ளும் ரிப்பன் பேட்ஜ் அங்கே இல்லை. அதன் ஊக்கு அவர் விரல்களுக்கிடையில் இருந்தது.

"பலமாக் குத்துனீகளோ?"

"பக்குவமாத்தாம்லே குத்துனேன்."

[ஊக்கால் பக்குவமாகக் குத்தியவர் இதுவரை பிறக்கவில்லை.]

துளை விரிந்திருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் பாயும், எஞ்சின் கரும்புகை கக்கி அணைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை புது ஜெட்டுக்கு எங்கே போவது?

5

என் திட்டம் அருமையாக இருந்தது. கிளாட்வின் தன் கிதாரின் முதல் கம்பியையே அறுப்பான். மைக் வரும், கிதார் போகும். வின்சி துணையில்லாமல் பாடுவாள். நீங்கள் கண்ணைத் துடைப்பீர்கள். எழுதியும்விட்டேன்:

கம்பி அறுந்த ஓசையில் தேவாலயமே ஒரு கணம்—

அதைப் பட்டறையில் வைத்து கிளாட்வினுக்கு வாசித்துக் காட்டினேன். அவன் சிரித்த சிரிப்பில் ஸ்பேனர் கீழே விழுந்தது.

"ஒங்க கதை நல்லாருக்கணும்னு எங்கிதாரை மொட்டையடிச்சிருவீகளோ? அதோட தலைமாட்டைப் பாத்திருக்கீகளா?"

சுவரில் தொங்கிய கிதாரை எடுத்துக் காட்டினான். கம்பியை முறுக்கிக் கட்டிய பிறகு மிச்சம் மீசை மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"இதுல ஒரு விரக்கடை நறுக்குனாப் போதும். பாட்டும் நிக்காது."

ஒரு பக்கக் கண்ணீர் எனக்கு நஷ்டம். அடித்துவிட்டுத் திரும்ப எழுதினேன்:

கிளாட்வின் மிச்சத்தை நறுக்கி, நுனியைக் கல்லில் உரசி மழுக்கி, ஜெட்டுக்குள் விட்டான். பழுப்பாகப் பிசின் வந்தது. சைக்கிள் பம்பால் ஊதி, ஜெட்டை வானத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தான்.

"தெரியுதாலே?" என்றார் தேவஇரக்கம்.

"வெளிச்சம் தெரியுது மாமா. வட்டமா இருக்கா, விரிஞ்சு போச்சான்னு எஞ்சின்தான் சொல்லணும்."

6

இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன். ஒன்றில் எஞ்சின் பிடித்துக்கொள்கிறது, அசன அண்டாவைக் கிண்டுகிறவர்கள்கூட வின்சியின் குரலைக் கேட்டுக் கரண்டியை நிறுத்துகிறார்கள். மற்றதில் கரும்புகை வருகிறது, எஞ்சின் அடங்குகிறது, தேவஇரக்கம் யார் முகத்தையும் பார்க்காமல் பேட்ஜைத் திரும்பக் குத்திக்கொள்கிறார். இரண்டுமே நன்றாகத்தான் வந்திருக்கின்றன. பொய் அடக்கம் எனக்குப் பழக்கமில்லை.

எதை வைப்பது என்ற பேச்சு நடக்கும்போது வின்சி சாப்பாட்டுத் தூக்கோடு பட்டறைக்கு வந்தாள். அவளிடமே கேட்டேன். அவள் பதில் சொன்ன நேரம் பார்த்து ஒரு கல்லூரிப் பேருந்து இரைந்துகொண்டு போனது. அவள் பக்கமாகக் குனிந்தேன்.

"எஞ்சின் வந்தா அண்டாகிட்ட நிக்கிறவுகளுக்கும் கேக்கும். வராட்டி முன்னால இருக்கிறவுகளுக்குக் கேக்கும். ரெண்டுலயும் நான் பாடத்தான போறேன். நீங்க எதுக்கு இம்புட்டுப் பயப்படுதீக?"

அந்தப் பேருந்து இரைச்சலிலும் ஒரு வார்த்தைகூட எனக்குத் தவறவில்லை. சந்தோஷமாக இருந்தது. இரண்டு முடிவுகளையும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. கதைக்குள் கிளாட்வின் ஜெட்டை மாட்டி, புதுப் பெட்ரோல் ஊற்றி, சோக்கைப் போட்டுவிட்டான். தோளில் கிதார் ஏறிவிட்டது. வின்சி எழுந்து நிற்கிறாள். ஜெனரேட்டரின் கயிற்றை அவன் உங்களிடம்தான் நீட்டுகிறான்.

இழுங்கள். எதற்கும், இழுத்த கையோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்துகொள்ளுங்கள்.