வைரஸ் என்று அழித்தது

கணினியிலிருந்த எக்ஸ்பியை மாற்றுவதா விடுவதா என்று என் மனுசன் ஹுனைஸ் மாதக்கணக்கில் யோசித்தார். பழையதுக்கு மேலால் விண்டோஸ் செவனைப் போடேலாது, எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் போடவேண்டும் என்று பாலாவிக் கணினிக் கடைக்காரர் சொல்லிவிட்டார். கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவைத்துவிட்டு இவரே போட்டார். பெரிய கெட்டிக்காரர்!

அந்தக் கோப்புகளில் மாமாவின் கதையும் இருந்தது. மாமா என்றால் இவருடைய வாப்பா. தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரை விட்டு வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்ததை அவர் சொல்லச் சொல்ல, நான் பாமினி எழுத்துருவில் அடித்துவைத்தேன். "முடிஞ்ச பொறகு மகனுக்குக் காட்டுவம்" என்றார். முடியமுதல் மௌத்தாகிவிட்டார். நானும் காட்டாமலே பொத்திவைத்திருந்தேன்.

புது விண்டோஸில் பாமினி இல்லை. அது இல்லாவிட்டால் அடித்த தமிழெல்லாம் கண்டபடி ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். திரும்பப் போடுவது ஒரு வேலையே இல்லை. ஆனால் தமிழில் ஒரு வரிகூட அடித்தறியாத மனுசன், நான் குசினியிலிருந்து வருமுன் திறந்து பார்த்திருக்கிறார்.

"பென்டிரைவ் முழுக்க வைரஸ், முஃப்லிஹா. ஒண்டும் மிச்சம் வைக்காம அழிச்சிட்டன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தத் திரையையே உடைத்திருப்பேன். வாயைத் திறக்குமுன், போனிலிருந்த மாமாவின் படத்தை அவர் புதுத் திரையில் போட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாப்பா வள்ளத்துல வந்த கதைய ஒரு நாளாவது இருந்து கேட்டிருக்கலாம்" என்றார். "நான் கேக்கவே இல்ல, பாருங்க."